தீட்டும் கத்தியா, பிளேடு மாற்றும் கத்தியா: வீட்டில் சவரம் பழக எது நல்லது?

சவரக்கத்தி பழக நினைப்பவர் முன்னால் இரண்டு கத்திகள் இருக்கின்றன. ஒன்று, முழுக்க எஃகாலான பழைய மடக்குக் கத்தி. சாணைக்கல்லிலும் தோல்வாரிலும் தீட்டித் தீட்டி ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று உருவத்தில் அதே மாதிரி, ஆனால் இருபுற பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகிக்கொள்வது. ஷாவெட் என்பார்கள். முடிதிருத்துபவர்கள் கையில் இப்போது அதிகம் இருப்பது இதுதான். ஒருவர் தோலில் பட்ட கூர் அடுத்தவர் தோலில் படக்கூடாது.

இரண்டும் பார்க்க ஒன்றாக இருப்பதால் ஒன்றைப் பழகினால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை.

தோலில் வைத்துப் பார்த்தால் தீட்டும் கத்திதான் சாது. அதற்குக் கனம் இருக்கிறது. அந்தக் கனமே முடியை வெட்டும், கை வழிகாட்டினால் போதும். வாங்கும்போதே முனை உருண்டையாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம், அதனால் முனை குத்திக் கிழிக்கும் பயம் குறைவு. அகலத்தில் 5/8 அல்லது 6/8 அங்குலம் புதியவருக்குச் சரியாக இருக்கும். ஷாவெட் அப்படியில்லை. எடை குறைவு என்பதால் கை தன்னையறியாமல் அழுத்தும். செருகியிருக்கும் பிளேடோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். இரண்டு மூலைகளும் கூராக வெளியே நிற்கும். கோணம் கொஞ்சம் தப்பினாலும், அழுத்தம் கொஞ்சம் கூடினாலும், உடனே ரத்தம் காட்டிவிடும்.

இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் தீட்டும் கத்திக்கே ஓட்டு. ஆனால் புதியவரை உண்மையில் தோற்கடிப்பது வெட்டுக்காயம் அல்ல. முடி இழுபடுவது. கன்னம் எரிகிறது, முடி பாதி நிற்கிறது, ஏன் என்று தெரியவில்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தியைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

எனக்கும் அதுதான் நடந்தது. புதிதாக வாங்கிய கத்தி முதல் நாளிலிருந்தே பிடுங்கியது. கோணத்தை மாற்றினேன், நுரையை மாற்றினேன், தோலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஒன்றும் சரிப்படவில்லை. என் கைக்கு இது வராது என்றே முடிவு கட்டியிருந்தேன். கடைசியில் தீட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாங்கியபோது, மறுநாள் காலை அதே கை, அதே நுரை, கத்தி மட்டும் கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போனது. புதுக் கத்தி என்பதாலேயே அது சவரத்துக்குத் தயார் என்று அர்த்தமில்லை. பல கத்திகள் தொழிற்சாலைக் கூரோடு மட்டும் வருகின்றன. மேற்கொண்டு கல்லில் தீட்டினால்தான் முகத்துக்கு ஆகும்.

இங்கேதான் ஷாவெட்டின் உண்மையான பலம். தீட்டும் கத்தியில் தப்பு நடந்தால் அது கையிலா, கூரிலா என்று புதியவருக்குத் தெரியாது. ஷாவெட்டில் புது பிளேடு செருகிவிட்டால் கூரைப் பற்றிய சந்தேகம் போய்விடுகிறது. அப்போதும் இழுத்தால் தப்பு கோணத்திலோ நுரையிலோதான். ஷாவெட் நன்றாக வெட்டி, அதே காலையில் தீட்டும் கத்தி பிடுங்கினால், உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள், கூர் போயிருக்கிறது. இந்த ஒரு சோதனையை யாராவது எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ எரிச்சல் மிச்சமாகியிருக்கும்.

கூர் போவதற்குப் பெரும்பாலும் நாமேதான் காரணம். தோல்வாரில் தேய்க்கும்போது கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், வாய், அதாவது கூர் விளிம்பு, பின்னால் வர வேண்டும். கோடியில் திருப்பும்போது முதுகு வாரைவிட்டு எழும்பவே கூடாது. முதுகின் மேலேயே புரட்டி, பிறகு வாயைப் படுக்க வைக்க வேண்டும். வேகம் காட்ட நினைத்து வாயின் மேல் புரட்டினால் ஒரே தடவையில் கூர் மடங்கிவிடும், வாரிலும் கீறல் விழும். சவரத்துக்கு முன்னால் நிதானமாக 50 தடவை போய்வந்தால் தாராளம். வார் தொய்யாமல் இறுக்கமாக இருக்கட்டும், கை அழுத்தாமல் இருக்கட்டும்.

கல் வேலை வேறு. கல்லில் வாய் முன்னால் போகும். முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படுவதால் தீட்டும் கோணத்தைக் கத்தியே வைத்துக்கொள்கிறது, அழகான ஏற்பாடு. ஆனாலும் சொரசொரப்பான 1000 எண் கல்லில் தொடங்கி மேலும் மேலும் நைசான 8000, 12000 எண் கற்கள் வரை போகும் அந்த வேலையை முதல் வருடத்தில் தொடாதீர்கள். வாரை ஒழுங்காகப் பயன்படுத்தினால் கூர் சில மாதங்கள் தாங்கும்; அப்புறம் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். கார்பன் எஃகு என்றால் கழுவியதும் ஈரம் போகத் துடைத்தே ஆக வேண்டும், விட்டால் துரு பிடிக்கும். ஷாவெட்டுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. சில சவரங்கள் ஆனதும் பிளேடைத் தூக்கிப் போடலாம்.

மூன்றாவதாக, கிங் கேம்ப் கில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற இருபுற பிளேடு ரேசரை முதலில் பழகச் சொல்பவர்களும் உண்டு. நுரை கட்டவும், முகத்தில் முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று தெரிந்துகொள்ளவும் அது உதவும். கோணத்தை ரேசரின் தலையே பெரும்பாலும் பார்த்துக்கொள்வதால் கத்தி பிடிக்கும் பழக்கம் அதில் வராது.

எந்தக் கத்தியானாலும் தொடக்கம் ஒன்றுதான். வெந்நீரில் முடியை இரண்டு மூன்று நிமிடம் ஊற வையுங்கள். முதல் சில நாட்கள் கன்னங்களை மட்டும், கிருதாவிலிருந்து கீழ்நோக்கி, முடி வளரும் போக்கிலேயே மழியுங்கள். மிச்சத்தை வழக்கமான ரேசர் பார்த்துக்கொள்ளும். தீட்டும் கத்தியின் முதுகுக்கும் தோலுக்கும் நடுவில் முதுகின் தடிமனைப் போல் இரண்டு மடங்கு இடைவெளி இருந்தால் கோணம் சுமார் 30 டிகிரி வரும். ஷாவெட்டுக்கும் அதே கோணம்தான், ஆனால் கண்மதிப்பில் பிடிக்க வேண்டும். வாயின் நீளப் போக்கில் கத்தியை ஒருபோதும் நகர்த்தாதீர்கள், அது அறுக்கும். தோலை இழுத்துப் பிடிக்கும் விரல்கள் வழுக்கினால் படிகாரத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும்.

சரி, எதை வாங்குவது? நம்பி ஒப்படைக்க ஒரு தீட்டுபவர் கிடைப்பாரா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் தீட்டும் கத்தியை அவரிடமே கூர் போட்டு வாங்கித் தொடங்குங்கள், கூடவே ஒரு ஷாவெட்டைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், தோலுக்குக் கொஞ்சம் கடுமைதான் என்றாலும், ஷாவெட்டில் தொடங்குவதே மேல். மழுங்கிய நல்ல கத்தியைவிடக் கூரான எளிய கத்தி ஆயிரம் மடங்கு நல்ல ஆசிரியர்.

நான் இப்போது தினமும் தீட்டும் கத்திதான் எடுக்கிறேன். மேலுதட்டுக்கு மட்டும் இன்னும் ஷாவெட். நான்கு சென்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள அந்தச் சின்னக் கூர் விளிம்பு, மூக்கின் கீழே திரும்ப இடம் கொடுக்கிறது.