12க்கு 18 இஞ்ச்ல போட்டோ பிரிண்ட் எடுத்து பிரேம் போடப் போறவங்க இதப் படிச்சிட்டுப் போங்க

கடை பேரு சொல்லல, ஊரும் சொல்லல. ஆரியங்காவு தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு டவுன், அவ்ளோதான். நான் பாவூர்சத்திரத்துல இருந்து தினமும் காய்கறி லோடு ஏத்திக்கிட்டு புனலூர் லைன்ல போறவன், அதனால போற வழியில கொடுத்துட்டு வரும்போது வாங்கிக்கலாம்னு நெனச்சேன், செங்கோட்டையிலயே நல்ல கடை இருக்கும்போது எனக்கு இந்தப் புத்தி வந்திருக்க வேண்டாம்.

விஷயம் என்னன்னா, அப்பாவோட அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர்ல வச்சோம். மண்டபத்துல 23 பேரு நின்னு ஒரு குரூப் போட்டோ, அக்கா மகன் போன்ல எடுத்தது. எல்லாரும் கண்ணத் தொறந்து இருக்கிற ஒரே போட்டோ அதுதான், மத்ததுல எல்லாம் யாராவது ஒருத்தர் தும்முவாவ. அத 12க்கு 18 சைஸ்ல பிரேம் போட்டு வீட்டுக்கு மாட்டணும்னு அம்மா ஆசை.

கடையில பென் டிரைவ் நீட்டுனேன். "அதொண்ணும் வேண்டா சேட்டா, வாட்ஸ்அப்ல விட்டா மதி"ன்னுட்டாரு. விட்டேன். இது என் முதல் தப்பு, எழுதி வச்சுக்கோங்க. பிரேமோட 950 ரூவா, முழுசும் அட்வான்ஸ்.

நாலாம் நாள் வீட்டுல கொண்டு வந்து மாட்டியாச்சு, எல்லாரும் சூப்பர்னாவ. அண்ணன் மக மட்டும் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு "சித்தப்பா, தாத்தா எப்ப இம்புட்டு குண்டானாரு?"ன்னு கேட்டா. அப்புறந்தான் பாக்கேன், அப்பா மட்டுமில்ல, 23 பேருமே குண்டு. ஒல்லியான எங்க மச்சான் கூட கடைசில ஹோட்டல் முதலாளி மாதிரி நிக்காரு. மண்டபச் சுவர்ல ஒரு கடிகாரம் தொங்கும், வட்டக் கடிகாரம், அது முட்டையா கெடக்கு. ஆசாரி வச்சிட்டுப் போன டேப்பை எடுத்து அளந்து பாத்தேன், நெடுக்க 8 நூல் (ஒரு இஞ்ச்), குறுக்க 9 நூல். அதாவது எட்டுல ஒரு பங்கு அகலமா இழுத்து வச்சிருக்கான்.

கணக்கு பின்னாடி அக்கா மகன் சொல்லித்தான் புரிஞ்சுது. நம்ம போன்ல எடுக்கிற போட்டோ பெரும்பாலும் 4க்கு 3, இந்தப் போட்டோ 4000க்கு 3000 பிக்சல். 18க்கு 12ங்கறது 3க்கு 2. ரெண்டும் ஒரே அளவு கெடயாது, அப்ப ஒண்ணு இழுக்கணும், இல்ல வெட்டணும், இல்ல ஓரத்துல வெள்ளைய விடணும். கடைக்காரர் நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம முதலாவதப் பண்ணிட்டாரு.

திருப்பிக் கொண்டு போனேன். "ரேஷியோ மாறும்போ அங்ஙன வரும் சேட்டா, செரியாக்கித் தராம்"னாரு. செரியாக்கித்தான் தந்தாரு, லேமினேஷன் சார்ஜ்னு 200 வாங்கிட்டு. இந்தத் தடவ யாரும் குண்டா இல்ல, ஆனா பின்வரிசைல நின்ன பெரிய அத்தானுக்கு நெத்தியக் காணோம், முன்னால உக்காந்த பிள்ளைங்களுக்குப் பாதத்தக் காணோம். 18 இஞ்ச் அகலத்த முழுசா நெரப்புனா உயரம் பதிமூன்றரை இஞ்ச் வரும், பேப்பரு 12தான், ஒன்றரை இஞ்ச் போயாகணும்ல, அத எங்க வெட்டுதோம்னு பாத்து வெட்டணுமா வேண்டாமா? அத்தான் வேற பொண்ணு குடுத்த வீட்டு ஆளு, அவருக்குத் தலைய வெட்டுன போட்டோவ நடுவீட்டுல மாட்டுனா என்னாகும்.

மூணாவது தடவ நான் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன். கடைப் பையன் கம்ப்யூட்டர்ல போட்டோஷாப்பத் தொறந்து, கீபோர்டுல ஷிப்ட்ட அமுத்திக்கிட்டு மூலையப் புடிச்சு இழுக்கான், படம் ரப்பர் மாதிரி நீளுது. "ஷிப்ட் பிடிச்சா ரேஷியோ மாறாது அண்ணே"ங்கான். அக்கா மகன்கிட்ட சொன்னா சிரிக்கான், "மாமா, அது பழைய போட்டோஷாப். சிசி 2019-ங்கற வெர்ஷன்ல இருந்து சும்மா இழுத்தாலே அளவு மாறாது, ஷிப்ட்ட அமுத்துனாத்தான் மாறும்". பையன் பழசுல படிச்சுட்டு புதுசுல வேலை பாக்கான், ஊர்ல எத்தன பேர குண்டாக்கியிருக்கானோ.

அதோட முடியல. வாட்ஸ்அப்ல போன போட்டோ சுருங்கி 1600க்கு 1200 ஆயிருச்சு, இழுக்காம வெட்டாம 12 இஞ்ச் உயரத்துக்கு 16 இஞ்ச் அகலமாப் போட்டா இஞ்சுக்கு 100 பிக்சல்தான், நல்ல பிரிண்டுக்கு 300 கேப்பாங்க, 200க்கு மேல இருந்தாலே சுவர்ல மாட்ட போதும். மங்கலா இருக்கேன்னு கேட்டதுக்கு ஏஐ வச்சு தெளிவாக்குதேன்னு ஒரு பட்டனத் தட்டுனான், இன்னொரு 300 ரூவா. அத்தை முகம் மெழுகு பொம்மையாட்டம் வந்துருச்சு. அவங்களுக்கு இடது கன்னத்துல ஒரு மரு உண்டு, அதக் காணோம். அத்தையப் பாத்து அத்தையே "இது யாரு?"ன்னு கேட்டாவ. அன்னைக்குத்தான் எனக்குக் கோவம் தலைக்கேறிருச்சு, காச கேட்டேன், ஒரு ரூவா திரும்பல, மொத்தம் 1450 போச்சு.

கடைசில அக்கா மகன் ஒரிஜினல் பைலை எடுத்து அவனே பண்ணிக் குடுத்தான். முதல்ல கன்டென்ட் அவேர் ஸ்கேல்னு ஒண்ணு போட்டுப் பாத்தான், 2008-ல வந்த போட்டோஷாப் சிஎஸ்4-ல இருந்தே இருக்காம், ஆளுங்களத் தொடாம வெறும் சுவர மட்டும் இழுத்துக் குடுக்குமாம். கடிகாரத்த செலக்ட் பண்ணி பாதுகாத்து வச்சான், அது வட்டமாவே நின்னுச்சு, ஆனா ஓரத்துல நின்ன சித்தியோட முழங்கை ஒரு சாண் நீண்டு போச்சு. ஆளுங்க நெருக்கமா நின்னா அது சரிப்படாதுன்னு விட்டுட்டு, 16க்கு 12ல போட்டோவ அப்படியே வச்சு ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் வெள்ள விட்டான். யாரும் வெட்டுப்படல, யாரும் குண்டாகல. பிரேமுக்குள்ள பாத்தா வேணும்னே வச்ச பார்டர் மாதிரி இருக்கு.

நீங்க போனா பைலை பென் டிரைவ்ல குடுங்க, இல்ல வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா அனுப்புங்க. இழுக்கவும் கூடாது வெட்டவும் கூடாதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க, ஸ்கிரீன்ல காட்டாம பிரிண்ட் போடாதன்னு சொல்லுங்க. ஸ்கிரீன்ல முகத்தப் பாத்தா ஏமாந்துருவோம், படத்துல ஒரு வட்டமான சாமானத் தேடுங்க, கடிகாரமோ குடத்து வாயோ வண்டிச் சக்கரமோ, அது வட்டமா இருக்கான்னு பாருங்க.

புதுசு மாட்டியாச்சு. பழைய முதல் பிரிண்ட்ட தூக்கிப் போடலாம்னா அம்மா குடுக்க மாட்டேங்காவ. அதுலதான் அப்பா நல்லா தேறி இருக்காராம்.