களிம்பா, கிரீமா, லோஷனா? வறண்ட தோலோடு ஒரு நீண்ட பேரம்

எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய், இருப்பவர்கள் வீட்டில் பாதி தீர்ந்த மாய்ஸ்சரைசர் டப்பாக்கள் நான்கைந்து கிடக்கும். என்னிடமும் உண்டு. ஒன்று ஒட்டும், ஒன்று எரியும், இன்னொன்றைப் பூசி அரைமணி ஆனால் பூசினோமா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும். விரல் இடுக்கையும் முழங்கை மடிப்பையும் பல வருடமாகச் சொறிந்த அனுபவத்தில் இவற்றை ஒப்பிடுகிறேன்.

அடிப்படை வித்தியாசம் தண்ணீர்தான். லோஷனில் தண்ணீர் அதிகம், எண்ணெய்ப்பசை குறைவு. கிரீம் நடுவில் நிற்கிறது. பெட்ரோலியம் ஜெல்லி மாதிரியான களிம்பில் தண்ணீரே கிடையாது. பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் எரிச்சல், பிசுபிசுப்பு, பலன் எல்லாம் இதைச் சுற்றித்தான் வருகின்றன. தண்ணீர் இருந்தால் கிருமி வளரும்; வளராமல் இருக்கப் பதப்படுத்தும் பொருள் சேர்க்க வேண்டும்; வெடித்த தோலில் அதுவே சுரீர் என்று எரியலாம், சிலருக்கு ஒவ்வாமையாகவும் மாறலாம். எளிய பெட்ரோலியம் ஜெல்லியில் அந்தத் தொல்லை இல்லை. தோலின் மேல் மூடிபோல உட்கார்ந்து, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமல் தடுக்கும். வெடிப்பு விட்டிருக்கும் நாளில் நான் கை வைப்பது இதில்தான்.

ஆனால் இதோடு வாழ்வது வேறு கதை. பூசிய கையோடு போனைத் தொட்டால் திரை முழுக்கத் திட்டுத் திட்டாகக் கறை. கதவுக் குமிழைத் திருப்பினால் கைதான் சுற்றும், குமிழ் சுற்றாது. வெயில் காலத்தில் மேலே களிம்பு, உள்ளே வியர்வை என்று அரிப்பு ஒரு படி கூடும். முடி உள்ள இடங்களில் மயிர்க்கால்கள் சிவந்து கொப்பளிப்பதும் உண்டு. இன்னொன்றைப் பலர் சொல்வதில்லை: இந்தப் பசை ஊறிய துணியும் படுக்கை விரிப்பும் சட்டென்று தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. கிரீமுக்கும் இது பொருந்தும். பூசிக்கொண்டு அடுப்படியிலோ சிகரெட்டோடோ நிற்க வேண்டாம்.

பகலுக்கு கிரீம். தேய்த்த இரண்டு நிமிடத்தில் வேலையைப் பார்க்கலாம். வாங்கினால் பம்ப் வைத்த புட்டியாகப் பாருங்கள். அகலமான டப்பாவில் விரலை விட்டு விட்டு எடுத்தால் நகத்தடி அழுக்கும் சேர்ந்து உள்ளே போகும். டப்பாதான் கிடைத்தது என்றால் சுத்தமான ஸ்பூன் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். லோஷன் எனக்கு நெஞ்சுக்கும் கால் ரோமத்துக்கும் மட்டும்தான். சீக்கிரம் பரவும், சீக்கிரம் மறையும், திரும்பத் திரும்பப் பூச வேண்டும்.

அப்படியானால் களிம்புதான் சிறந்தது என்று முடித்துவிடலாமா? 2022-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு அதற்கு இடம் கொடுக்கவில்லை. எக்ஸிமா உள்ள 550 குழந்தைகளுக்கு லோஷன், கிரீம், ஜெல், களிம்பு என நான்கில் ஒன்றைக் கொடுத்து 16 வாரம் பார்த்தார்கள். நான்குக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. யோசித்தால் நியாயம்தான்: பிடிக்காத களிம்பை யாரும் தினம் பூசப் போவதில்லை, பிடித்த கிரீமை மூன்று வேளை பூசுவார்கள். ஆனாலும் அது சராசரிக் கணக்கு. என் விரல் இடுக்கு இன்னும் களிம்பைத்தான் கேட்கிறது.

அளவில்தான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். உடம்பில் பரவலாக எக்ஸிமா உள்ள பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். சின்ன ட்யூப் ஒன்றை மாதம் முழுக்க இழுக்கிறவர்கள் 'எதுவுமே கேட்கவில்லை' என்று புலம்புவதில் ஆச்சரியம் இல்லை. குளித்து, ஒற்றித் துடைத்த உடனே, தோல் கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே, முடி வளரும் திசையில் பூசுங்கள். அழுத்தித் தேய்த்தால் அரிப்புதான் மிச்சம்.

யூரியா கலந்தவை தனி ரகம். தடித்து வெடித்த குதிகாலுக்கு அருமை. பச்சைப் புண்மேல் பட்டால் கண்ணில் நீர் வரும், அனுபவத்தில் சொல்கிறேன். செராமைடு (தோலில் இயல்பாகவே இருக்கும் ஒருவகைக் கொழுப்பு) சேர்த்த கிரீம்கள் பூசச் சுகமாகத்தான் இருக்கின்றன, ஆனால் கூடுதல் விலைக்கேற்ற கூடுதல் பலன் என் தோலில் தெரியவில்லை. இயற்கை என்ற நம்பிக்கையில் ஆலிவ் எண்ணெய் தேய்ப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். 2013-இல் வந்த ஓர் ஆய்வில் அது தோலின் தடுப்புச் சுவரைப் பலவீனமாக்கியது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. குளிக்கும் தண்ணீரில் கலக்கும் எண்ணெய்? 482 குழந்தைகளை வைத்து நடந்த 2018 ஆய்வில், வழக்கமான பராமரிப்போடு அதைச் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, தொட்டி வழுக்கும்.

சிவந்து கொதிக்கும் நாட்களில் இவற்றில் எதுவும் அழற்சியைத் தணிக்கும் மருந்தான ஸ்டீராய்டு களிம்புக்கு மாற்று ஆகாது. மருத்துவர் எழுதித் தந்ததை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூச வேண்டும். ஸ்டீராய்டையும் மாய்ஸ்சரைசரையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குழைக்காமல் நடுவில் அரைமணியாவது விடுங்கள். நீர் கசிந்து மஞ்சள் பொருக்கு கட்டினால் தொற்றாக இருக்கலாம். டப்பாவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இப்போது என் ஏற்பாடு இதுதான்: மேசைமேல் பம்ப் கிரீம், தலைமாட்டில் களிம்பு. இரவு கையில் தாராளமாகப் பூசி, பழைய பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு படுக்கிறேன். மாட்டுவதற்கு முன்பே அலாரம் வைத்துவிட வேண்டும்.