வால்வு இடைவெளியை எப்போது பார்ப்பது: மணிக்கணக்கா, சத்தமா, பருவமா?

டீசல் உழவு இயந்திரத்தின் வால்வு இடைவெளியை (வால்வின் முனைக்கும் அதை அழுத்தித் திறக்கும் றொக்கர் என்ற நெம்புகோலுக்கும் இடையே விடும் சிறு இடைவெளி), கராஜ் வழக்கில் சொன்னால் டப்பட்டை, எப்போது பார்ப்பது என்பதை யாழ்ப்பாணத்தில் மூன்று விதமாகத் தீர்மானிக்கிறார்கள். மீற்றர் காட்டும் மணித்தியாலத்தை வைத்துப் பார்ப்பவர்கள் சிலர். என்ஜின் தட்டும் வரை, அல்லது புகை மாறும் வரை காத்திருந்து பார்ப்பவர்கள் பலர். விதைப்பு, அறுவடை என்ற பருவக் கணக்கோடு சேர்த்து ஆண்டுக்கொரு முறை திறந்து பார்ப்பவர்கள் இன்னும் சிலர். மூன்றையும் வெவ்வேறு காலங்களில் கடைப்பிடித்துப் பார்த்தவன் என்ற வகையில், அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

எங்கள் பக்கத்தில் அதிகம் ஓடும் மாஸி பேர்குசன் 135, 240 ஆகியவற்றில் உள்ள பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் என்ஜினையே எடுத்துக்கொள்கிறேன். அதில் உள்ளெடுக்கும் வால்வுக்கும் புகைபோக்கி வால்வுக்கும் ஒரே அளவுதான்: என்ஜின் ஆறியிருக்கும்போது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 12 பங்கு, அதாவது 0.30 மில்லிமீற்றர், சூடாக இருக்கும்போது 10 பங்கு, அதாவது 0.25 மில்லிமீற்றர். வேறு என்ஜின் வைத்திருப்பவர்கள் தங்கள் கையேட்டில் உள்ள அளவையே கொள்ள வேண்டும். உள்ளெடுக்கும் வால்வுக்கு ஓர் அளவும் புகைபோக்கி வால்வுக்கு வேறோர் அளவும் உள்ள என்ஜின்கள் பல இருப்பதால், பக்கத்து வீட்டு இயந்திரத்தின் அளவை இரவல் வாங்குவது ஆபத்தானது.

எந்த முறை நல்லது என்பதைத் தீர்மானிப்பது, இந்த இடைவெளி எந்தப் பக்கமாக மாறுகிறது என்பதுதான். றொக்கரின் நுனி, அதைத் தள்ளும் தள்ளுகோலின் முனை, கீழே அந்தக் கோலைத் தூக்கும் டப்பட் என்ற பாகம் ஆகியவை தேயத் தேய இடைவெளி கூடும். அதற்கு எதிராக, வால்வு, மூடும்போது அமரும் தன் ஆசனத்தில் அடித்து அடித்து மேலே அமிழ்ந்துகொண்டு போனால் இடைவெளி குறையும். நிமிடத்துக்கு 1800 சுற்றில் ஓடும் என்ஜினில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 900 தடவை திறந்து மூடுகிறது. அப்படி 500 மணித்தியாலம் ஓடினால் அது 2 கோடியே 70 இலட்சம் தடவை ஆகிறது. இத்தனை அடிக்கும் ஒரு பக்கமும் மாறாமல் இருக்க எந்த இரும்பாலும் முடியாது.

இடைவெளி கூடினால் 'டிக் டிக்' என்று தட்டும். வால்வு சற்றுப் பிந்தித் திறந்து முந்தி மூடுவதால் இழுவை கொஞ்சம் குறையும், தேய்மானமும் விரையும். ஆனாலும் வால்வு முழுதாக மூடிக்கொள்கிறது. இடைவெளி குறைந்து இல்லாமலே போனால் ஒரு சத்தமும் வராது. சொல்லப்போனால் என்ஜின் முன்னரிலும் மென்மையாக ஓடுவதுபோலத் தோன்றும். அங்கே வால்வு முழுதாக மூடுவதில்லை. புகைபோக்கி வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை ஆசனத்தில் அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. அமர முடியாத வால்வு சூட்டை வைத்திருந்து விளிம்பில் கருகத் தொடங்கும்.

சத்தத்தை நம்பும் முறையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். அது இரண்டு குறைகளில் தீங்கு குறைந்ததை மட்டும் கண்டுபிடித்துச் சொல்லி, தீங்கு கூடியதை மறைத்துவிடுகிறது. இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். ஒரு மாசி மாதம் வன்னியில் சூடடிப்பு முடித்துக்கொண்டு வந்த பிறகு, எனது 135 விடியற்காலையில் ஸ்ராட் ஆக மறுத்தது. ஆனதும் சில நிமிடங்களுக்கு வெள்ளைப் புகை தள்ளிவிட்டுப் பிறகு ஒழுங்காக ஓடியது. தட்டல் எதுவும் இல்லாததால் வால்வில் குறை இருக்குமென்று நானும் நினைக்கவில்லை, காட்டிய கராஜிலும் நினைக்கவில்லை. டீசல் பம்பைக் கழற்றி வேலை செய்வித்தோம், இன்ஜெக்டர்களை மாற்றினோம், புகை போகவில்லை. கடைசியாக, கை நடுங்கும் வயதிலும் தொழிலை விடாத ஒரு முதிய மெக்கானிக் வந்து, காற்று வடிகட்டியின் குழாயிலும் புகைக் குழாயிலும் மாறி மாறிக் காது வைத்துக் கேட்டுவிட்டு, "தம்பி, தட்டினால் பயப்படாதையும், தட்டாமல் விட்டால்தான் திறந்து பாரும்" என்றார். மூன்றாவது சிலிண்டரின் புகைபோக்கி வால்வில், இடைவெளி அளக்கும் பீலர் தகடுகளில் 12 போகவில்லை, 8 போகவில்லை, 4 கூடப் போகவில்லை. என்ஜினின் மேற்பகுதியான சிலிண்டர் தலையைக் கழற்றியபோது வால்வின் விளிம்பில் சுண்டுவிரல் நகமளவு இடம் கருகிப் பிளந்திருந்தது. ஆறு மாதங்களுக்கு முன்பு அரை மணித்தியாலம் செலவிட்டுப் பார்த்திருந்தால் இடைவெளியைத் திருத்தும் திருகாணியைத் தளர்த்துவதோடு முடிந்திருக்கும் வேலை அது.

மணிக்கணக்கு முறை கொள்கையளவில் மிகவும் சரியானது. தேய்மானம் ஓட்டத்தைப் பொறுத்ததே தவிர நாட்காட்டியைப் பொறுத்ததன்று. குபோட்டாவின் பல மொடல்களுக்கு 800 மணித்தியாலத்துக்கு ஒரு முறை என்று கையேடு சொல்கிறது. பழைய என்ஜின்களுக்கு அதைவிடக் குறைவாக, 500 மணித்தியாலத்துக்கு ஒரு முறை பார்ப்பதே எனது வழக்கம். ஆனால் எங்கள் இயந்திரங்களில் மீற்றர் வேலை செய்வது அரிது. கேபிள் அறுந்து, முள் எப்போதோ நின்ற இடத்திலேயே நிற்கும். மீற்றர் ஓடினாலும், கேபிளில் ஓடும் பழைய மீற்றர் என்ஜினின் சுற்றுக்களை எண்ணித்தான் மணித்தியாலமாகக் காட்டுகிறது. ஆகவே பின்னால் இழுக்கும் பெட்டியில் கல் ஏற்றும் வரை மெதுவாக உறுமிக்கொண்டு நின்ற ஒரு மணித்தியாலம் அதில் அரை மணித்தியாலமாகவும் பதியலாம்.

மீற்றர் இல்லாதவர்களுக்கு டீசல் கணக்கு நல்ல மாற்று. 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்ற நாட்களில்தான் அடித்த ஒவ்வொரு லீற்றரையும் கொப்பியில் எழுதப் பழகினேன். வரிசை போன பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. உழவிலும் றொட்டவேற்றரிலும் உங்கள் இயந்திரம் மணித்தியாலத்துக்கு 4 லீற்றர் குடிக்குமானால், 2000 லீற்றர் என்பது 500 மணித்தியாலம். உண்மையில் இது மீற்றரைவிடவும் நேர்மையான கணக்கு என்றே நினைக்கிறேன். பாரம் இழுத்த மணித்தியாலத்தையும் சும்மா நின்ற மணித்தியாலத்தையும் அது ஒன்றாக எண்ணுவதில்லை.

பருவ முறையின் பலம் அதை மறக்க முடியாது என்பதுதான். சொந்த வயலையும் அயல் வயல்களையும் மட்டும் உழுது, இடையிடையே பெட்டியில் எரு ஏற்றும் வலிகாமத்து இயந்திரம் ஒன்று ஆண்டுக்கு 300 மணித்தியாலம் ஓடினாலே பெரிய விடயம். அதற்கு மீற்றரை நம்பிக் காத்திருந்தால் இரண்டு ஆண்டுகள் கடந்துவிடும். ஆண்டுக்கொரு முறை பார்ப்பது சற்று முந்தியதாக இருந்தாலும் கெடுதி ஒன்றுமில்லை, றொக்கர் மூடியின் காஸ்கெற் ஒன்றுதான் செலவு. ஆனால் வழக்கமாகச் செய்வதுபோல ஆவணியில் பார்ப்பதை நான் விரும்புவதில்லை. புரட்டாதி விதைப்புக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இயந்திரத்தை இறக்குவதால் கராஜ்களில் இடமிராது. தலையைக் கழற்ற வேண்டி வந்தால் உழவு போய்விடும். அறுவடையும் சூடடிப்பும் முடிந்த பங்குனியே சரியான மாதம். அப்போது ஒரு வால்வு கெட்டிருப்பது தெரிந்தால் பொருள் வாங்கவும் ஆசனம் அரைக்கவும் ஐந்து மாதம் கையிலிருக்கிறது.

ஆகவே ஊரோடு நிற்கும் இயந்திரத்துக்குப் பங்குனிக் கணக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று கூலி உழவுக்கும் சூடடிப்புக்கும் மாதக்கணக்காகப் போய் வரும் இயந்திரத்துக்கு லீற்றர் கணக்கு. அதற்கு ஆண்டுக்கொரு முறை போதவே போதாது. தலை கழற்றிப் பூட்டிய எந்த இயந்திரத்துக்கும் இந்த இரண்டும் பொருந்தாது. காஸ்கெற் அமுங்கிய பிறகு, முதல் 25 முதல் 50 மணித்தியாலத்துக்குள் தலை நட்டுக்களைக் குறித்த இறுக்கத்துக்கு மீண்டும் இறுக்கி, அதன்பின் எல்லா வால்வுகளையும் திரும்பப் பார்க்க வேண்டும். தலை இறங்கினால் இடைவெளியும் மாறும் என்பதால் இதில் தவணை சொல்ல இடமில்லை.

சூட்டில் பார்ப்பதா, ஆறிய பின் பார்ப்பதா என்பதிலும் இரண்டு கட்சிகள் உண்டு. சூட்டில் பார்ப்பவர்கள் வேலை செய்யும் நிலையிலேயே அளக்கிறோம் என்பார்கள். ஆனால் மூடியைக் கழற்றி மூன்றாவது சிலிண்டருக்கு வருவதற்குள் என்ஜின் ஆறத் தொடங்கிவிடும். முதல் சிலிண்டரும் மூன்றாவதும் ஒரே சூட்டில் அளக்கப்படுவதில்லை. இரவு முழுவதும் நின்ற என்ஜினை விடியற்காலையில், வெயில் ஏற முன்னர் 12 இல் வைப்பதே எனக்கு நம்பிக்கையானது. சூட்டுக்குரிய 10 ஐ ஆறிய என்ஜினில் வைப்பதுதான் மிகப் பெரிய பிழை. அந்த இடைவெளி ஓட்டத்தில் இன்னும் குறைந்து, நான் கண்ட அதே கருகலை நோக்கிப் போகும்.

வேலை சிறியதுதான். என்ஜின் பற்றாதபடி டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு, முன் கப்பியைச் சுற்றி, முதல் சிலிண்டரின் உள்ளெடுக்கும் வால்வு திறந்து மூடிய பிறகு அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக இன்னும் சுற்றினால் பிஸ்டன் மேலே வந்து இரண்டு றொக்கரும் தளர்ந்து நிற்கும். அதை முடித்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுச் சுற்றினால் இரண்டாவது, மறுபடி அதேயளவு சுற்றினால் மூன்றாவது. பீலர் தகடு கொப்பித் தாள்களுக்கிடையிலிருந்து ஒரு தாளை உருவுவதுபோன்ற மெல்லிய பிடிப்போடு வர வேண்டும். றொக்கர் நுனியில் குழி விழுந்திருந்தால் தட்டையான தகடு குழியின் மேலால் பாலம் போட்டு நிற்கும்; உண்மையான இடைவெளி தகடு காட்டுவதைவிடக் கூட இருக்கும், எவ்வளவு வைத்தாலும் தட்டல் போகாது. பூட்டு நட்டை இறுக்கும்போது திருகாணி ஒரு மயிரளவு கூடவே திரும்புவதால், இறுக்கிய பிறகு ஒரு தடவை தகட்டை விட்டுப் பார்க்காமல் அடுத்த வால்வுக்குப் போகக் கூடாது.

இவற்றையெல்லாம் விட நான் முக்கியமாகக் கருதுவது, திருகாணியைத் தொடுவதற்கு முன்பு, கண்ட அளவை ஆறு வால்வுக்கும் எழுதி வைப்பது. பார்ப்பது வேறு, திருத்துவது வேறு. திருத்திவிட்டால் என்ஜின் சொல்ல வந்தது அழிந்துவிடும். டீசல் லீற்றர் எழுதும் அதே கொப்பியின் பின்பக்கத்தில் எனது இயந்திரத்துக்கு நான்கு ஆண்டுப் பதிவு இருக்கிறது. ஐந்து வால்வுகள் ஒவ்வொரு முறையும் 12 அல்லது 13 என்று நிற்க, இரண்டாவது சிலிண்டரின் புகைபோக்கி வால்வு மட்டும் 12 இல் வைத்த பிறகு ஒரு முறை 11, அடுத்த முறை 10, கடந்த பங்குனியில் 8 என்று வந்திருக்கிறது. ஓடும்போது ஒரு தட்டலும் இல்லை, புகையும் இல்லை. வருகிற பங்குனியில் தலையைக் கழற்ற நாள் குறித்துவிட்டேன்.