உறைந்த ஏரியில் ஒரு சின்னப் பை: மேலாரன் கரையில் சில குளிர்காலங்கள்

சுவீடனுக்கு வேலைக்கு வந்து, இங்குள்ள காடும் ஏரியும் பிடித்துப்போன தமிழ் நண்பர்கள் குளிர்காலம் நெருங்கினால் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்னென்ன வாங்கணும்?" கடைக்குப் போனால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். மேலாரன் ஏரியின் வடகரையில், வெஸ்தெரோஸ் பக்கம் இருப்பவன் நான். பல குளிர்காலங்களாக ஏறக்குறைய ஒரே பையைத் தூக்கிக்கொண்டு போய்வருகிறேன். அந்தப் பையில் எது உழைத்தது, எது தேவையில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பையில் இருப்பவை: ஒரு கத்தி, தீப்பொறிக் கம்பி, மூடி போட்ட எஃகுப் பாத்திரம், மரக்குவளை, குச்சியில் சுற்றிய தூண்டில் நரம்பு, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் கலந்த சின்ன டப்பா, உட்கார ஒரு ஃபோம் துண்டு, கடலை மிட்டாய். கூடாரம், அடுப்பு, ஐஸில் துளை போடும் துரப்பணம் எதுவும் கிடையாது. காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பும் பயணம் என்றால் இவ்வளவு போதும். டிசம்பர் கடைசியில் இங்கே பகலே ஆறு மணி நேரம்தான் என்பதால், எனக்குப் பிடித்த காலம் பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் வரை.

இதில் எதைக் கழித்தாலும் சமாளித்துவிடலாம். கழிக்கவே கூடாதது ஐஸ் மேல் நடப்பதற்கான பாதுகாப்புச் சாமான்கள். 'குறைந்த மூட்டை' என்ற பேச்சு அவற்றுக்குப் பொருந்தாது. முதலாவது ஈஸ்பீக், அதாவது கூரான எஃகு முனை வைத்த நீளத் தடி. எனக்கு முன்னால் ஐஸைக் குத்திப் பார்த்துக்கொண்டேதான் நடப்பேன். அடுத்தது ஈஸ்துப்பர்: கழுத்தில் மாலையாகத் தொங்கும் இரண்டு கைப்பிடிகள், முனையில் ஆணி. பிறகு வீசுகயிறு, நீர் புகாத பையில் இறுகக் கட்டிய மாற்றுடை. அந்தப் பை முதுகில் இருந்தால், தண்ணீரில் விழும்போது மிதவையாகவும் கைகொடுக்கும். இடுப்பு வாரோடு கால்களுக்கு நடுவே ஒரு வாரும் போட்டுக் கட்டினால்தான் பை தலைக்கு மேல் ஏறாது.

ஈஸ்துப்பரைப் பலர் பாக்கெட்டில் வைத்திருக்கிறார்கள். அதில் பயனே இல்லை. உறைநீரில் விழுந்த சில நிமிடத்தில் விரல் மரத்துவிடும். ஜிப்பைத் திறந்து தேட முடியாது. அது ஜாக்கெட்டுக்கு வெளியே, தொண்டைக்குப் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும்படி தொங்க வேண்டும். விழுந்தால் வந்த திசைக்கே திரும்ப வேண்டும், அதுவரை நம்மைத் தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆணியைக் குத்தி, காலை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும். ஈர ஐஸில் வெறுங்கையால் எந்தப் பிடியும் கிடைக்காது.

நடப்பதற்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் தெளிந்த கெட்டி ஐஸ் வேண்டும் என்பது இங்குள்ள பொதுவான அறிவுரை. பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸ் அதே கனத்தில் இருந்தாலும் அந்த வலு தராது. ஈஸ்பீக் ஒரே குத்தில் உள்ளே போனால் நான் வாதம் செய்யாமல் திரும்பிவிடுவேன். நாணல் ஓரம், பாலத்தின் அடி, ஓடை வந்து சேருமிடம், குறுகிய நீரிணை எல்லாம் ஏமாற்றும். மேலாரனில் இன்னொன்றும் உண்டு. வெஸ்தெரோஸ், ஷோப்பிங் துறைமுகங்களுக்கு வரும் சரக்குக் கப்பல்களுக்காகக் குளிர்காலத்திலும் ஐஸை உடைத்துத் தடம் போடுகிறார்கள். அந்தத் தடத்தின் மேல் இரவில் மெல்லிய ஏடு படிந்து பனியும் தூவிவிட்டால், தூரத்திலிருந்து பார்க்கும்போது வித்தியாசமே தெரியாது. வரைபடத்தில் கப்பல் தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தனியாக ஐஸ் மேல் போகவே வேண்டாம்.

எல்லா வருடமும் ஏரி உறையும் என்றும் இல்லை. 2020இல் தென்சுவீடனுக்குக் குளிர்காலமே வரவில்லை என்று சொல்லும்படி இருந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் காட்டோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி.

மேலாரனில் மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு தேவையில்லை. வேனெர்ன், வேத்தெர்ன், மேலாரன், யெல்மாரன், யெம்ட்லாண்டின் ஸ்தூர்ஷேன் ஆகிய ஐந்து பெரிய ஏரிகளிலும் கடலோரத்திலும் கைத்தூண்டில் போட எல்லாருக்கும் உரிமை உண்டு. 1985இலிருந்து இப்படித்தான். மற்ற ஏரிகளுக்குச் சீட்டு வாங்க வேண்டும். காட்டில் நடமாடும் உரிமை 1994 முதல் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு, புஷ்கிராஃப்ட், அதாவது குறைந்த சாமானோடு காட்டில் சமாளிக்கும் கலை பற்றிய காணொளிகளில் அதை யாரும் காட்டுவதில்லை. வளரும் மரத்திலிருந்து கிளையோ பட்டையோ ஊசியிலையோ பிசினோ எடுக்கக் கூடாது. சாய்ந்து கிடக்கும் முழு மரத்திலும் கை வைக்கக் கூடாது. தரையில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியும் காய்ந்த கிளையும் நமக்கு. இயற்கைக் காப்பகம் என்றால் அதற்குத் தனி விதி, வாசலில் இருக்கும் பலகையைப் படித்துவிட வேண்டும். பிர்ச் மரப் பட்டையைப் பச்சை மரத்திலிருந்து உரித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அந்தக் காயம் அந்த மரத்தில் கடைசி வரை தெரியும்.

இந்த விதிதான் கத்தியின் மதிப்பையும் காட்டுகிறது. தரையில் கிடக்கும் கிளை மேலே ஈரம், ஓரத்தில் ஐஸ். அதைப் பிளந்தால்தான் உள்ளே காய்ந்த மரம் கிடைக்கும். என்னிடம் இருப்பது டாலார்னா மாகாணத்து மூரா ஊரில் செய்யும் மூரா கத்தி, கார்பன் எஃகு, சுமார் 10 சென்டிமீட்டர் அலகு. மலிவானது, கட்டட வேலைக்காரர் இடுப்பிலும் இதுதான் இருக்கும். கட்டை விரல் பருமனான கிளையை ஒரு கட்டையின் மேல் நிறுத்தி, கத்தியைக் கிளையின் மேல்முனையில் வைத்து, இன்னொரு கட்டையால் கத்தியின் முதுகில் தட்டினால் பிளந்துவிடும். இத்தனை வருடத்தில் அலகு கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது, நிறம் சாம்பல் பூத்திருக்கிறது, பிடி ஆடவில்லை. கார்பன் எஃகு எதுவானாலும் துருப்பிடிக்கும் குணம் உண்டு. மீன் அறுத்தபின் துடைக்காமல் உறையில் செருகினால் மறுநாளே செம்புள்ளி விழும். துடைக்கப் பொறுமை இல்லாதவர்கள் துருப்பிடிக்காத எஃகையே வாங்கலாம். சுவீடனில் பொது இடத்தில் காரணமில்லாமல் கத்தி வைத்திருப்பது குற்றம் என்பதால், பேருந்தில் போகும்போது அதைப் பையின் அடியில் வைத்துவிடுவேன்.

பிளந்த குச்சியைச் சீவும்போது சீவலை அறுத்து விழவிடாமல், சுருள் சுருளாகக் குச்சியிலேயே நிற்கும்படி விட வேண்டும். நாலைந்து குச்சி அப்படிச் சீவிவிட்டால் அடுப்புக்கு முதல் தீனி தயார். வீட்டிலிருந்து பிசின் ஏறிய பைன் சிராய் ஒரு கைப்பிடி கொண்டுபோவேன், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கேஸ் லைட்டர் இங்கே நம்பகமில்லை. அதிலுள்ள பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி, அதற்குக் கீழே வாயு வெளிவரத் தயங்கும். சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் எரியும், சற்று நேரத்தில் மறுபடி மக்கர் பண்ணும். தீப்பொறிக் கம்பிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்ற ஃபெர்ரோசீரியம்தான் இன்றைக்கும் லைட்டரிலும் இந்தக் கம்பியிலும் இருப்பது. நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம். தகட்டை முன்னால் தள்ளாமல் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பின்னால் இழுக்க வேண்டும். அப்போதுதான் கை வேகத்தில் சீவல் குவியல் கலையாது, பொறியும் குறி தப்பாமல் விழும்.

பனியின் மேல் நேரே தீ மூட்டினால் உருகி உள்ளே போய் அணைந்துவிடும். கீழே விழுந்து கிடக்கும் தடித்த கிளைகளை நெருக்கி அடுக்கி, அதன் மேல் மூட்ட வேண்டும். வெறும் பாறை மேல் வேண்டாம், சூட்டில் வெடிக்கும். பனி சுமந்த ஸ்ப்ரூஸ் மரத்தடியும் வேண்டாம், சூடு ஏறியதும் மொத்தப் பனியும் அடுப்பில் கொட்டும். பாத்திரத்தில் பனியை மட்டும் அள்ளிப்போட்டால் அடி தீய்ந்து தண்ணீரில் கருகல் வாடை வரும். முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதில் பனியைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும்.

இனி மீன். தூண்டில் என்று நான் வைத்திருப்பது ஒரு சாண் ஹேசல் குச்சி. இரண்டு முனையிலும் வெட்டுக் கொடுத்து, எட்டு வடிவில் 0.25 மில்லிமீட்டர் நரம்பைச் சுற்றியிருக்கிறேன். நுனியில் பழைய ஸ்பூன் காம்பிலிருந்து அறுத்த ஒரு விரல்கடைத் துண்டு, இரு பக்கமும் துளை. ஒன்றில் நரம்பு, மற்றொன்றில் முள். முள்ளின் தண்டில் சிவப்புக் கம்பளி நூலை இரண்டு சுற்றுச் சுற்றிக் குட்டையாக நறுக்கிவிடுவேன். இங்கே அபோரே எனப்படும் பெர்ச் மீனுக்குச் சிவப்பு என்றால் விட மனசு வராது. அதன் துடுப்பே சிவப்புதான். முதல் மீன் சிக்கியபின் அதன் அடிவயிற்றுத் தோலில் மெல்லிய கீற்று ஒன்றை அறுத்து முள்ளில் கோத்தால், மண்புழு கிடைக்காத காலத்தில் அதைவிட நல்ல இரை இல்லை.

துரப்பணம் இல்லாததால் ஈஸ்பீக்கால்தான் துளை. கால் மீட்டர் ஐஸைக் குத்தித் திறப்பதற்குள் உடம்பு வேர்த்துவிடும், குளிரில் வேர்வை ஆபத்து. அதனால் ஞாயிறு காலையில் போவேன். சனிக்கிழமை மற்றவர்கள் போட்ட துளைகளின் மேல் மெல்லிய ஏடுதான் படிந்திருக்கும், சில குத்தில் திறந்துவிடும். அவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கும்.

நரம்பைத் தரை தட்டும் வரை இறக்கி, ஒரு சாண் தூக்கி, சுண்டி, நிறுத்த வேண்டும். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் கடிக்கும். குச்சியைப் பிடித்த கை ஒரு சின்னக் கனத்தை உணரும், அவ்வளவுதான் அறிகுறி. பெர்ச் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன், அந்தி சாய்ந்தால் கடி நின்றுவிடும். ஐஸ் புதிதாக உறைந்த வாரங்களில் கரையோரம் கிடைக்கும், நடுக்குளிரில் ஆழத்துக்கு இறங்கும், மார்ச்சில் மறுபடி வளைகுடாப் பக்கம் வரும். பத்து நிமிடம் கடிக்கவில்லை என்றால் இடம் மாற வேண்டும். இந்த இடத்தில்தான் என் மூட்டையின் பலவீனம் தெரியும். துரப்பணம் வைத்திருப்பவர் அரை நிமிடத்தில் அடுத்த துளை போடுவார், நமக்கு அது முடியாது. மீன்தான் முக்கியம் என்பவர் துரப்பணம் வாங்கிவிடலாம், நான் தடுக்க மாட்டேன்.

ஒருமுறை கூட வந்த தம்பி கேட்டான், "அண்ணா, ஒண்ணுமே கடிக்கலைன்னா என்ன சாப்பிடறது?" "அதுக்குத்தான் கடலை மிட்டாய்" என்றேன். அன்று அதுதான் மதிய உணவு. வெல்லப்பாகு குளிரில் கெட்டியாகும், ஆனாலும் பல்லால் உடைக்க முடிகிறது. சாக்லேட் பார் சிலது கல்லாகிவிடும்.

பெர்ச்சின் முதுகுத் துடுப்பு முள் கையைக் கிழிக்கும், தலைப்பக்கமிருந்து தடவிக்கொண்டே வந்து பிடிக்க வேண்டும். செதில் மிகக் கெட்டி, ஐஸில் உறைந்துவிட்டால் சுரண்டவே முடியாது. அதனால் சுரண்டாதீர்கள். குடலை எடுத்து, வயிற்றுக்குள் டப்பாவிலிருக்கும் மசாலாவைத் தடவி, செதிலோடு தணல் மேல் வாட்டுங்கள். தோல் கருகி விறைத்ததும் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் செதிலும் தோலும் ஒரே ஓடாகக் கழன்றுவிடும், உள்ளே வெள்ளைச் சதை. விரால் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கெட்டித்தன்மை பழக்கமானதாக இருக்கும். நன்றாக வேகட்டும், நாடாப்புழு இருக்க வாய்ப்புண்டு. பாதரசம் காரணமாக, கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் பால் கொடுப்பவர்களும் பெர்ச், பைக் போன்ற ஏரி மீன்களை வருடத்துக்கு 2 அல்லது 3 முறைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்பது சுவீடன் உணவுத் துறையின் அறிவுரை.

காட்டில் பொறுக்கிச் சாப்பிடுவதைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: குளிர்காலத்தில் அது வயிற்றை நிரப்பாது. நாக்குக்கு ருசி, குவளைக்கு மணம், அவ்வளவுதான். பனியை விலக்கினால் லிங்கோன் பழம் அப்படியே கிடக்கும். அதில் இயல்பாகவே பென்சாயிக் அமிலம் இருப்பதால் சீக்கிரம் கெடாது. காட்டுரோஜாக் காய் உறைந்து இளகியபின் இனிக்கும். விரலால் பிதுக்கி, வெளிச் சதையை மட்டும் எடுக்க வேண்டும், உள்ளிருக்கும் ரோமம் தொண்டையை அரிக்கும். காற்றில் முறிந்து பனி மேல் விழுந்த ஸ்ப்ரூஸ் நுனிகளைக் கொதிநீரில் போட்டால் எலுமிச்சைச் சாயலில் ஒரு பானம். ஆனால் இடெக்ரான் எனப்படும் யூ மரத்தின் இலையும் ஊசி போலத்தான், அது கடும் விஷம். சந்தேகம் வந்தால் வெறும் வெந்நீரே போதும். காளான் பக்கம் நான் போவதே இல்லை. குளிரில் முளைக்கும் உண்ணத்தக்க வகை ஒன்று மரக்கட்டையில் வளரும், அதேபோல் மரக்கட்டையில் வளரும் யிஃப்த்ஹெத்திங் என்ற விஷக் காளான் உயிரை எடுக்கும்.

உடையில் ஒரே விதி: தோலை ஒட்டிப் பருத்தி கூடாது, கம்பளிதான். நனைந்த கம்பளிக் கையுறையைப் பிழிந்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம், சூடு தரும்.

வீட்டுக்கு வந்ததும் நரம்பை அவிழ்த்துத் தொங்கவிட்டு உலர்த்தி, முள்ளைத் துடைத்துவிடுங்கள். கத்தி உறையைக் கவிழ்த்து ஒரு இரவு ரேடியேட்டருக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள், அலகுக்கு ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் போதும். மரக்குவளையை மட்டும் ரேடியேட்டர் பக்கம் கொண்டுபோக வேண்டாம், வெடித்துவிடும். ஈஸ்துப்பரின் ஆணி முனையை ஒவ்வொரு முறையும் பார்த்து, மழுங்கியிருந்தால் அரத்தால் தீட்டி, அதை மறுபடி ஜாக்கெட்டின் மேலேயே மாட்டி வைத்துவிடுங்கள்.