சுடுமல்லி: விதையை எழுப்பாத இறுங்கா, வேரில் மறிக்கும் இறுங்கா?

வன்னியின் மேட்டுக்காணியில் காலபோக மழையை நம்பி இறுங்கு (சோளம்) விதைப்பவருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழும் களையான சுடுமல்லி பூத்துக் கண்ணில் படுமுன்பே பெருஞ்சேதம் மண்ணுக்குள் நடந்துவிடும். பயிரின் தற்காப்பு இருவகை.

எஸ்.ஆர்.என்.39 இன இறுங்கு களைவிதையைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. சாதாரண இறுங்கின் வேர் கசியும் 5-டிஒக்சிஸ்ட்ரிகோல் என்ற பொருள்தான் களைவிதையை முளைக்கத் தூண்டும். எஸ்.ஆர்.என்.39இல் எல்.ஜி.எஸ்.1 மரபணு செயலிழந்ததால் கசிவு, களைவிதையை அவ்வளவாகத் தூண்டாத ஓரோபாங்கோலாக மாறுகிறது. விதை பெரும்பாலும் தூங்கும். ஆனால் அது பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும், அதுதான் எங்களுக்குக் கவலை.

என்.13 இனமோ முளைக்கவிட்டு மறிக்கிறது. களையின் ஒட்டுறிஞ்சி (வேரைத் துளைத்து உறிஞ்சும் உறுப்பு) துளைக்கும் இடத்தில் வேரின் கலச்சுவர் தடிக்கிறது. ஃப்ராமிடா இனத்தின் வேரைக் கழுவிப் பார்த்தால் ஒட்டிய இடத்தைச் சுற்றிக் கலங்கள் செத்துக் கருகியிருக்கும். முளைத்த விதைக்குச் சில நாள்தான் ஆயுள். ஒட்ட முடியாவிட்டால் சாகும், மண்ணிலுள்ள விதையும் குறையும்.

களை ஏற்கனவே கிடக்கும் காணிக்கு எங்கள் தெரிவு இரண்டாவது வகை, அதாவது வேரில் மறிக்கும் இறுங்கு. இரண்டும் ஒரே இனத்தில் சேர்ந்தால் இன்னும் நல்லது. மண்ணில் பொஸ்பரசு குறைந்தால் களையை எழுப்பும் வேர்க்கசிவு கூடும். ஆகவே அடிப்பசளையில் ரி.எஸ்.பி. என்ற பொஸ்பரசுப் பசளையைத் தவறவிடாதீர்கள். தப்பிய சுடுமல்லிச் செடியைப் பூக்குமுன் பிடுங்குங்கள், ஒரு செடியே பல்லாயிரம் விதை கொட்டும்.