கறுப்பா, கருப்பா?

பேச்சில் ர, ற வேறுபாடு மங்கிவிட்டதால் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். எழுதும்போதுதான் தடுமாற்றம். தமிழ்நாட்டு அச்சில் 'கருப்பு' பரவலாகிவிட்டது. ஈழத்தவர் எழுத்தில் 'கறுப்பு' நிலைத்து நிற்கிறது. என் ஓட்டு கறுப்புக்கு.

காரணம் எளிது. செம்மை என்பது பண்பு. சிவப்பு என்பது 'சிவ' என்ற வினையிலிருந்து வந்த பெயர். வெண்மைக்கும் வெளுப்புக்கும் இடையே இருப்பதும் இதே உறவுதான். அந்த வரிசையில் கருமை பண்பு. 'கறு' என்ற வினையிலிருந்து வருவது கறுப்பு. கருங்கல், கருமேகம், கரிய கூந்தல் எல்லாம் பண்பின் பக்கம், அங்கே ர. வானம் கறுத்தது, வெயிலில் தோல் கறுக்கும் என்பவை வினையின் பக்கம், இங்கே ற. பேச்சில் ர, ற இரண்டையும் இன்றும் பிரித்தே ஒலிக்கும் மலையாளத்திலும் நிறம் 'கறுப்பு', கல் 'கரிங்கல்லு'.

கறுப்புக்கு இன்னொரு முகமும் உண்டு: கோபம். "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்கிறது தொல்காப்பியம். இவை நிறத்தையும் குறிக்கும் என்பதை அடுத்த நூற்பாவில்தான் சொல்கிறது. குறளில் இரண்டு வேர்களையும் தனித்தனியே பார்க்கலாம். "மூக்கிற் கரியார்" (277) என்பதில் குன்றிமணியின் மூக்கு நிறம், ர. "கறுத்துஇன்னா செய்தவக் கண்ணும்" (312) என்பதில் சினம், ற. அதே அடி "மறுத்தின்னா" என்று எதுகையோடு முடிவதால், இங்கே ஏடு எழுதியவர் கைதவறி எழுதிவிட்டார் என்று சொல்லவும் வழியில்லை. மனத்துக்குள் வன்மம் வைப்பதைக் கறுவுதல் என்பதும், ஒரு சொல் சுட்டதும் 'முகம் கறுத்துப் போச்சு' என்பதும் இந்தப் பழைய பொருளின் மிச்சம்தான்.

சரி, கருப்பு என்று ஒரு சொல்லே கிடையாதா? உண்டு, ஆனால் அதற்கு வேறு வேலை. பஞ்சத்துக்குக் கருப்பு என்று பெயர். அப்புறம், இரும்பு 'இருப்புப்பாதை'யில் இருப்பு ஆவது போல, கரும்பும் வேறு சொல்லோடு சேரும்போது கருப்பு ஆகும். கருப்பஞ்சாறு அப்படி வந்ததுதான். மன்மதன் கையில் இருக்கும் 'கருப்புவில்' கரும்பு வில். அதைக் கருநிற வில் என்று படித்தால் கவிஞர் பாவம்.

இவ்வளவுக்குப் பிறகும் 'கருப்பு வெள்ளைப் படம்' என்று எழுதுபவரோடு நான் சண்டைக்குப் போவதில்லை. பொருள் புரிந்துவிடுகிறது, வழக்கும் அவர் பக்கம் இருக்கிறது. கறுத்தது என்பதைக் 'கருத்தது' என்று எழுதினால்தான் பொறுக்க முடியவில்லை. கருத்துச் சொல்ல வந்தவர் போல நிற்கிறது அந்தச் சொல். கருப்பையா, கருப்பசாமி போன்ற பெயர்களில் மட்டும் கை வைக்க மாட்டேன். தன் பெயரை எப்படி எழுதுவது என்பது அவரவர் பாடு.