சீரியல் விளக்குகளைப் படமெடுக்க ஒரு சிறிய ட்ரைபாட்

கிறிஸ்துமஸுக்காக வீட்டு முகப்பில் கட்டிய சீரியல் விளக்குகளையும் காகித நட்சத்திரத்தையும் கைப்பேசியில் படமெடுப்பதற்கென்றே குன்னூர்க் கடையொன்றில் வாங்கிய இந்த அலுமினிய ட்ரைபாட், கொடுத்த விலைக்கு மேலாகவே உழைக்கிறது. சூரியன் மறைந்தபின் வானம் கருநீலமாக இருக்கும் சுமார் 20 நிமிடங்களில்தான் விளக்குகளும் ஓட்டுக்கூரையும் ஒருசேரத் தெளிவாகப் பதிவாகும் என்பதாலும், அந்த மங்கிய ஒளியில் ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறனை 100 அளவில் வைத்தால், ஒளியை உள்ளே விடும் ஷட்டர் அரை விநாடி முதல் ஓரிரு விநாடி வரை திறந்திருக்க வேண்டும் என்பதாலும், எவ்வளவு உறுதியான கையும் இங்கே போதாது. உடன் வரும் புளூடூத் ரிமோட், திரையைத் தொடுவதால் ஏற்படும் அதிர்வைத் தவிர்க்கிறது.

குறை கால்களில்தான். சிமெண்டுத் தரையில் அசையாமல் நிற்பவை, பனியில் ஊறிய புல்தரையில் அமிழ்ந்து சாய்கின்றன; காற்று வீசும்போது நடுத்தண்டை உயர்த்தவே கூடாது. வாசலோடு நிறுத்திக்கொள்பவர் தாராளமாக வாங்கலாம். தோட்டச் சரிவில் வைக்க நினைப்பவர் கனமானதைத் தேடட்டும்.

காணொளியில் விளக்குகள் துடித்தால் ட்ரைபாட்டைக் குற்றஞ்சொல்ல இயலாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான எல்இடி சரங்கள் விநாடிக்கு 50 அல்லது 100 முறை அணைந்து எரிகின்றன. அமைப்புகளை நாமே மாற்றவல்ல கைப்பேசியின் புரோ முறையில் ஷட்டரை 1/50 விநாடி என்றும் பிரேம் வேகத்தை விநாடிக்கு 25 படங்கள் என்றும் அமைத்தால் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். மூடுபனி இறங்கும் மாலைகளில் லென்ஸைத் துடைக்க மெல்லிய பருத்தித் துணியொன்றையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது. அதைப் பெரும்பாலும் ட்ரைபாட்டோடு சேர்த்து விற்பதில்லை.